அரண்மனையில் தொடங்கி சகனில் முடிந்த ஒரு நாள்

"ராமேஸ்வரம் வர்றோம்" என்று யாராவது ஃபோன் செய்தால், "ராமநாதபுரத்துக்கு எவ்வளவு நேரம் வச்சிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் அதற்குப் பதில் வராது. ரயிலில் வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் தூக்கத்தில் கடந்துபோகிற ஒரு ஸ்டேஷன். காரில் வருகிறவர்களுக்கு டீ குடிக்கிற இடம். இருபத்திரண்டு தீர்த்தம், தனுஷ்கோடி, கலாம் நினைவிடம், பாம்பன் பாலத்தில் போட்டோ, ராத்திரி ரயில். ஊருக்குத் திரும்பியதும் "ராமநாதபுரம் மாவட்டத்தைப் பார்த்துட்டோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் ஒரு சமஸ்தானமும், முந்நூறு வருட ஓவியமும், தமிழ்நாட்டில் வேறெங்கும் இதே பக்குவத்தில் கிடைக்காத ஒரு சாப்பாடும் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்தமுறை என் கல்லூரித் தோழி குடும்பத்தோடு வந்தாள். அவள், வீட்டுக்காரர், காலேஜில் படிக்கிற மகள், அசைவத்தை வாசலுக்கு அப்பால் நிறுத்துகிற மாமியார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முதல் நாள் முழுக்க என் பொறுப்பு, ராமேஸ்வரம் மறுநாள்தான். காலையில் ராமநாதபுரம் அரண்மனை, மதியம் கீழக்கரை, சாயங்காலம் கடலோரமாகவே போய் ராத்திரிச் சாப்பாடு புதுமடத்தில்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அரண்மனையில் இருந்தவர்கள் சேதுபதிகள். கீழக்கரையில் கப்பல் ஓட்டியவர்கள் மரைக்காயர்கள். இந்த இருவருக்கும் இருந்த நட்பு தெரியாமல் இந்தச் சீமை புரியாது. அதைப் புத்தகத்தில் படிக்கலாம்தான். காலையில் ஒருவர் வீட்டைப் பார்த்து, மாலையில் மற்றவர் வழிவந்தவர்கள் வீட்டில் சாப்பிட்டால் இன்னும் நன்றாகப் புரியும்.

எங்களோடு வழிகாட்ட வந்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'சார்' என்றே எழுதுகிறேன். அரண்மனை வளாகத்தில் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க, இது கோயில் மாதிரிக் கட்டின கட்டடம்." உண்மைதான். முதலில் தூண்கள் நிறைந்த பெரிய மண்டபம், அதைத் தாண்டி அர்த்த மண்டபம், கடைசியில் கருவறை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அறை. அங்கேதான் ராமர் பீடம். சேதுபதிகள் பட்டம் சூட்டிக்கொண்ட இடம் அது. சேது அணைக்கும் ராமேஸ்வரம் கோயிலுக்கும் காவலர் என்பதுதான் அவர்களுக்குப் பட்டமே. அதனால் கொலு மண்டபத்தையும் கோயிலின் அமைப்பிலேயே கட்டிக்கொண்டார்கள்.

கட்டியவர் கிழவன் சேதுபதி. 1710 வரை ஆண்டவர். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவரும், மதுரை நாயக்கர்களின் மேலாண்மையை உதறித் தனியரசானவரும் அவர்தான். ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்டதும் (1693) அவர் காலத்தில்தான். சார் அதையும் மறைக்காமல் சொன்னார். நல்ல வழிகாட்டிக்கு அதுதான் அழகு. ஊர்ப்பெருமையோடு ஊரின் ரத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓவியங்கள் கிழவனுக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. சுவர், விட்டம், தூண், எங்கு பார்த்தாலும் வண்ணம். ராமாயணமும் பாகவதமும் ஒரு பக்கம். தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு பக்கம். தொப்பியும் நீண்ட அங்கியுமாக வந்து நிற்கிற ஐரோப்பியரை மன்னர் சந்திக்கும் காட்சியும் இருக்கிறது. தோழியின் மகள் அந்தக் காட்சியின் முன்னால் நகராமல் நின்றுவிட்டாள். சார் சுவரைத் தொடாமல், சுருட்டிய செய்தித்தாளால் ஒரு சாண் தள்ளியிருந்தே காட்டினார். "யார் உட்கார்ந்திருக்கா, யார் நிக்கிறா, பாரும்மா. படம் வரைஞ்சவனுக்கு அரசியல் தெரியும்." உட்கார்ந்திருப்பவர் சேதுபதி. மேல்தளத்தில் மன்னரின் அந்தப்புர வாழ்க்கையும் வரையப்பட்டிருக்கிறது. அங்கே தோழியின் மாமியார் கொஞ்சம் வேகமாக நடந்தார்.

சில இடங்களில் ஈரம் ஏறிச் சாயம் உதிர்ந்திருக்கிறது. தொல்லியல் துறை இதை அருங்காட்சியகமாக வைத்துப் பராமரிக்கிறது, நுழைவுக்கட்டணம் வெகு சொற்பம். கையில் டார்ச் கொண்டுபோய் ஓவியத்தின் மேல் அடிக்காதீர்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

வெளியே வந்தோம். பிற்காலத்து மன்னர் பாஸ்கர சேதுபதியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரை விட்டுக் கிளம்ப முடியாது. விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகத் தூண்டியவர்களில் முக்கியமானவர். 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தரைப் பாம்பன் குந்துகாலில் வரவேற்று, வண்டியில் பூட்டிய குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தானும் சேர்ந்து இழுத்தவர். அதே குடும்பத்துப் பாண்டித்துரைத் தேவர்தான் 1901இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவினார், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் தோள் கொடுத்தார். 'தண்ணியில்லாக் காடு' என்று எங்கள் சீமையைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

மதியம் கீழக்கரை. வழியில் திருப்புல்லாணி. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. ராமன் கடலிடம் வழி கேட்டுப் புல்லணையில் படுத்திருந்த தலம். பாயசம்தான் பிரசாதம். மாமியாருக்காக அங்கே இறங்கினோம், அவர் நிம்மதியாக இருந்தார், அது போதும்.

கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியைப் பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம். முழுக்கக் கல். தூணும் போதிகையும் எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் இருப்பதைப் போலவே இருக்கும், ஆனால் ஓர் உருவம் கிடையாது. பூ, கொடி, கோலம் மட்டும். அந்தக் கல்லைச் செதுக்கிய கை எந்தக் கோயிலில் பழகிய கையோ! அனுமதி கேட்டு, தலையில் துணி போட்டு, தொழுகை நேரம் இல்லாதபோது போனோம். வாசலில் இருந்த பெரியவர் தானே முன்வந்து கூட்டிப்போய்க் காட்டினார்.

வள்ளல் சீதக்காதி அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான். இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். பெரியதம்பி மரைக்காயர் என்பார்கள். மிளகும் அரிசியும் துணியுமாகக் கப்பல் வியாபாரம். உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாட வைத்தவர். தோழியின் மகளுக்கு 'சீதக்காதி' என்றால் விஜய் சேதுபதி நடித்த 2018ஆம் வருடத்துப் படம்தான் தெரிந்திருந்தது. அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று சார் சொன்னார். உதவி தேடி வந்த புலவர், வள்ளல் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டு அடக்கத்தலத்தில் நின்று பாட, மோதிரம் அணிந்த கை மேலே வந்தது என்ற கதை. செத்தும் கொடுத்தான் சீதக்காதி.

கதை ஒருபுறம் இருக்கட்டும். என்னைக் கவர்ந்தது நிஜம். இந்தச் சீதக்காதியும் கிழவன் சேதுபதியும் நெருங்கிய நண்பர்கள். 'விஜய ரகுநாத' என்ற தன் குடும்பத்துப் பட்டத்தையே சேதுபதி அவருக்குக் கொடுத்தார். விஜய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர் ஆனார் அவர். காலையில் நாங்கள் பார்த்த ராமலிங்க விலாசமும் கோட்டையும் எழும்பியதில் சீதக்காதியின் பங்கு உண்டு என்று இங்கே காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதையெல்லாம் செப்பேடு செப்பேடாகத் தேடி எழுதியவர் ராமநாதபுரத்து எஸ்.எம். கமால். ஏர்வாடி தர்காவுக்கும் பள்ளிவாசல்களுக்கும் சேதுபதிகள் எழுதிக்கொடுத்த நிலங்களின் கணக்கை அவர் நூல்களில் பார்க்கலாம். ராமன் பாலத்தின் காவலர் என்று பட்டம் தரித்தவர்கள் தர்காவுக்கு ஊர் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இது யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது.

கீழக்கரையில் தொதல் வாங்காமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். தேங்காய்ப்பால், கருப்பட்டி, அரிசி மாவு, முந்திரி எல்லாம் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டுவது. கருத்து, பளபளப்பாக, கத்தியில் ஒட்டும். இலங்கையிலும் மலாய் நாட்டிலும் இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. கப்பல் போன இடத்துக்கெல்லாம் கிண்டுகிற கரண்டியும் போயிருக்கிறது.

அங்கிருந்து கிழக்கே கடலோரமாகவே வண்டி போனது. பெரியபட்டினத்தைக் கடக்கும்போது சார் ஜன்னலைத் தட்டினார். அந்த ஊர் மண்ணில் சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எண்பதுகளில் அங்கே அகழாய்வு செய்தது. பாண்டியர் காலத்தில் சீனக் கப்பல் வந்த கரை இது. இன்றைக்கு ரோட்டோரம் தென்னந்தோப்பும் உடைமரமும் ஆடுகளும்தான் தெரியும்.

புதுமடம் உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர். இந்த வட்டாரத்தில் வடக்கே இருக்கிற பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே இருப்பது ஆண்கடல். நாங்கள் போய் நின்றது ஆண்கடல். பெயருக்கேற்ற ஆர்ப்பாட்டம் அன்று இல்லை. கரையெல்லாம் கடற்புல் ஒதுங்கிக் காய்ந்து கிடந்தது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் வரிசையாக 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை, கடற்புல் படுகை. 1986இல் இதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கினார்கள். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்கிற கடல்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். நாட்டுப்படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள், வலை காய்ந்தது. பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். மஃரிப் பாங்கு கேட்டதும் பந்து நின்றது.

இனி சாப்பாடு. இதற்காகத்தான் இந்தப் பதிவே.

நாங்கள் சாப்பிடப் போனது புதுமடத்தில் என் பள்ளித் தோழி பிறந்த வீட்டுக்கு. அவளுடைய உம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. "வாம்மா, வெளியூர்ப் புள்ளைகள இவ்வளவு நேரமா பட்டினியாவா சுத்த வச்சே?" என்றுதான் வரவேற்றார். ஆண்கள் முன்கட்டில், நாங்கள் பெண்கள் உள்ளே. அதில் எனக்கு ஒரு லாபம், நேராக அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நெய்ச்சோறு தம்மில் இருந்தது. சீரகச்சம்பா. பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு ரம்பை இலையை முடிச்சுப் போட்டுப் போட்டிருந்தார்கள். தாழம்பூவின் மணத்தை இலையிலேயே வைத்திருக்கிற செடி அது. இலங்கைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கரையில் பல வீட்டுக் கிணற்றடியில் ஒரு புதர் நிற்கும். பக்கத்து அடுப்பில் ஆட்டுக்கறி ஆணம். குழம்பு என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். கறியாணம், மீனாணம், புளியாணம். இதற்கு அரைக்கிற மிளகாய் எங்கள் முண்டு மிளகாய். குண்டாக, தோல் தடித்து, மினுமினுவென்று இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறம் தரும், மணம் தரும், தேங்காய்ப்பாலை மீறிப் போகாத அளவான காரம் தரும்.

தாளிச்சாவில் எலும்பும் பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும். விலைமீன் பொரியல். கணவாய்த் தொக்கு. அன்று காலையில் கரைக்கு வந்த மீன் என்று சொல்லத் தேவையே இல்லை, வாயில் வைத்தால் தெரியும். உம்மாவின் மருமகள் மீனைத் திருப்பும்போது கரண்டியால் தொடவில்லை, வாணலியை ஒரு சாய்ப்பு சாய்த்தாள், துண்டு தானாகப் புரண்டது. "கரண்டி பட்டா தோலு உரிஞ்சுரும் லாத்தா" என்றாள் என்னிடம். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

பாய் விரித்து, மேலே துணி விரித்து, நடுவில் சகன் வைத்தார்கள். சகன் என்றால் அகலமான பெரிய தட்டு. அந்த வீட்டில் பழைய எனாமல் தட்டு, விளிம்பில் நீலக்கோடு. மலைபோல நெய்ச்சோறு, அதன் தலையில் கறி. சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் எல்லோரும் கை வைத்துச் சாப்பிட வேண்டும். கல்யாணமா, விருந்தா, எங்கள் கடலோர முஸ்லிம் ஊர்களில் இதுதான் மரியாதை. முதலாளியும் வேலைக்காரரும் ஒரே சகனில் உட்காருவார்கள். தனித்தட்டு கேட்டால் கொடுப்பார்கள், மனசு கொஞ்சம் சுருங்கும்.

தோழியின் மகள் தயங்கினாள். அவள் வீட்டில் எச்சில், பத்து பற்றிய பழக்கம் அப்படி. உம்மா புரிந்துகொண்டார். "மவளே, ஒனக்கு முன்னால இருக்கிறது ஒன் பங்கு. அங்கேயே எடுத்துத் தின்னு. அடுத்தவ பக்கம் கை போகக்கூடாது. நடுவுல இருக்கிற கறிய நான் தள்ளி விடுவேன்." பிஸ்மி சொல்லித் தொடங்கினார். சகனில் விதி இவ்வளவுதான். விரல் நுனியால் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுப்பது, கறியைத் தனக்கென்று தேடாமல் இருப்பது. மூத்தவர் கை நடுவிலிருந்து கறித்துண்டை உதிர்த்து, சின்னவர்கள் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நல்ல துண்டெல்லாம் விருந்தாளி பக்கம் போய்ச் சேருகிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தன் பக்கத்துக் கறியை உம்மா பக்கம் தள்ளத் தொடங்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாமியார் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அவருக்கென்று அன்று காலையிலேயே புதிதாக வாங்கிய பாத்திரத்தில் தனியாக இடியாப்பம் பிழிந்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும், வெங்காயம்கூடச் சேர்க்காத ஒரு பருப்பும் வைத்திருந்தார்கள். நான் சொன்னது "ஒருத்தங்க சைவம்" என்ற ஒரே சொல்தான். பாத்திரம் புதிது என்பதை உம்மாவாகச் சொல்லவில்லை, விலைச்சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்து மாமியாரே கண்டுபிடித்தார். ஆறு இடியாப்பம் சாப்பிட்டார்.

கடைசியில் வட்டிலப்பம். முட்டை, கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய், ஆவியில் வேகவைத்தது. 1964 டிசம்பர் புயல் அழிக்கும்வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. சென்னையிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்கிக் கப்பலேறினால் அக்கரை. இங்கே பல குடும்பங்களுக்குக் கொழும்பில் கடை இருந்தது, உறவு இருந்தது. உம்மாவின் வாப்பாவும் கொழும்பில் கடை வைத்திருந்தவர்தான். "வாப்பா வர்ற அன்னிக்கு வட்டிலப்பம் அவிப்பாக" என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு வெட்டி வைத்தார். தனுஷ்கோடி ரயிலும் கப்பலும் போய்விட்டன. பக்குவம் இருக்கிறது.

முன்கட்டில் சாரும் தோழியின் வீட்டுக்காரரும் உம்மாவின் மகன்களோடு ஒரே சகனில் இருந்தார்கள். சேதுபதி, மரைக்காயர் கதையைச் சார் அங்கேயும் விடவில்லை. "சார், எங்களுக்கே தெரியாததெல்லாம் சொல்றீங்க, இந்தப் பக்கம் எடுத்துக்கங்க" என்று மூத்தவர் தட்டை நிறைத்துக்கொண்டே இருந்தது உள்ளே வரைக்கும் கேட்டது.

இந்தச் சாப்பாடு கடையில் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். பிரியாணி கிடைக்கும், பரோட்டா கிடைக்கும், நல்ல மீன் சாப்பாடு கிடைக்கும். சகன் கிடைக்காது. அது வீட்டுச் சாப்பாடு, கல்யாணச் சாப்பாடு. தெரிந்தவர் வேண்டும். அதனால் எனக்கு ஓர் ஆசை. புதுமடத்திலும் பெரியபட்டினத்திலும் கீழக்கரையிலும் நன்றாகச் சமைக்கிற பெண்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து, மகளிர் சுய உதவிக் குழுவாகவே, முன்பதிவு செய்கிறவர்களுக்கு ராத்திரி விருந்து வைக்கலாம். ராமநாதபுரத்தில் வரலாறு படித்த பிள்ளைகள் வேலை தேடிச் சென்னைக்குப் போகிறார்கள். அவர்களில் சிலரைப் பயிற்றுவித்தால் அரண்மனையையும் பழைய பள்ளியையும் சார் மாதிரி சொல்லிக்காட்ட ஆள் கிடைக்கும். ராமேஸ்வரத்துக்கு வருகிற லட்சக்கணக்கான பேரில் நூறில் ஒருவர் ஒரு ராத்திரி இந்தக் கரையில் தங்கினாலே போதும், இந்த ஊர்களுக்கு அது வருமானம். மாவட்டத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிவாசல், தர்கா, கோயில் மூன்றுக்கும் ஏற்ற உடையில் வாருங்கள். ஒரு வீட்டில் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்னதாக எண்ணிக்கையைச் சொல்லுங்கள், சைவம் யார் என்பதையும் சொல்லுங்கள். சகனில் மிச்சம் வைக்காதீர்கள், அதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். கடற்கரையில் பிளாஸ்டிக் போடாதீர்கள், அங்கே வளரும் கடற்புல்லைத்தான் கடல்பசு தின்கிறது. மீனுக்காகவே வருகிறவர்கள் நாள் பார்த்து வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. அந்த 61 நாளும் நாட்டுப்படகில் வருகிற மீன்தான், விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.